சைக்கிள் ஓடும்போது கை விறைத்தால்: எந்த விரல் என்று பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது

கை விறைக்கத் தொடங்கியதும் பலரும் முதலில் ஓடிப்போய்க் கையுறை வாங்குகிறார்கள், அல்லது ஹாண்டிலுக்குத் தடித்த பஞ்சுப் பிடி போடுகிறார்கள். சில நாள் சுகமாக இருக்கும். பிறகு பழையபடி விறைக்கும். பெரும்பாலான சைக்கிள்களில் குறை பிடியில் இல்லை, சீற்றில் இருக்கிறது. சீற் உடம்பை முன்னுக்குத் தள்ளும், அந்தப் பாரத்தைக் கை தாங்கும், தாங்குகிற இடத்தில் நரம்பு நசியும்.

யாழ்ப்பாணத்து நிலமும் இதற்குத் துணைபோகிறது. மலைநாட்டில் ஓடுகிறவர் ஏற்றத்தில் எழும்பி மிதிப்பார், இறக்கத்தில் பின்னுக்குச் சரிவார். இருப்பு தானாகவே மாறிக்கொண்டிருக்கும். இங்கே பண்ணையில் தொடங்கிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஒரே இருப்பு, ஒரே பிடி. சோளகம் (தென்மேற்குக் காற்று) எதிரே அடிக்கிற மாதங்களில் தலையைக் குனிந்து இன்னும் முன்னுக்குச் சாய்வோம். சமதரையில் ஓடுகிறவருக்குக் கை விறைக்காது என்று நினைப்பது பிழை.

வேலையைத் தொடங்க 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவிகள், 13, 14 இலக்க ஸ்பானர்கள், அளவு நாடா, கொஞ்சம் இன்சுலேசன் ரேப், கைத்தொலைபேசியில் மட்டம் பார்க்கும் செயலி ஆகியவை போதும். எதையும் அசைக்க முன்னர் பழைய இடத்தை ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சீற்றையும் ஹாண்டிலையும் ஒரே நாளில் மாற்றினால் எது சுகம் தந்தது, எது கெடுத்தது என்று பிடிக்க ஏலாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வழக்கமாக விறைப்பு வருகிற தூரம் வரைக்கும் ஓடிப் பாருங்கள்.

சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன

சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். மணிக்கட்டு மடிப்பில் சின்னவிரல் பக்கமாகத் தடவிப் பார்த்தால் பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று உட்புறமாக அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் மேலே தசை அதிகம் இல்லை. உள்ளங்கை அடியை ஹாண்டிலில் ஊன்றினால் எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நரம்பு அகப்படும். சின்னவிரலும், மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் விறைக்கும். சிலருக்கு விறைப்பே இராது. விரலை விரிக்கவும் பூட்டில் சாவியைத் திருப்பவும் மட்டும் பலம் குறையும். நரம்பின் ஆழக் கிளை தனியாக நசிந்தால் அப்படி வரும். நோ இல்லாதபடியால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள், ஆனால் விறைப்பைவிட இதுதான் பொல்லாதது.

முதலில் பாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாகனம் இல்லாத நேரான றோட்டில் சாதாரண வேகத்தில் மிதித்தபடி, விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, இரண்டு உள்ளங்கைகளையும் ஹாண்டிலிலிருந்து மெல்ல எடுங்கள். மேலுடம்பு இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்றால் பாரம் சீற்றில் இருக்கிறது. உடனே முன்னுக்கு விழப் பார்த்தால் கீழே உள்ள மூன்றையும் இதே ஒழுங்கில் செய்யுங்கள்.

1. சீற்றின் சாய்வு. சைக்கிளைச் சீமெந்து நிலத்தில் நிறுத்துங்கள்; நிலம் மட்டமா என்று முதலில் பாருங்கள். சீற்றின் மேல் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் தொலைபேசியை வையுங்கள். மூக்கு 2 பாகை கீழே இறங்கியிருந்தாலே ஆள் முன்னுக்கு வழுக்குவார். வழுக்காமல் நிற்பதற்குக் கையால் தள்ளிக்கொண்டே இருப்பார். சீற்றை 0 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பழைய மாதிரிச் சீற்றுகளில் இரண்டு பக்கமும் நட் இருக்கும், உள்ளே பல் வெட்டிய வட்டத் தகடுகள் இருக்கும். நட்டை நன்றாகத் தளர்த்தி, பல்லும் பல்லும் விலகிய பிறகே சீற்றைச் சாயுங்கள். பாதி தளர்த்தி அமுக்கினால் பல் தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஒழுங்கைக் குழியொன்றில் மூக்கு விழுந்துவிடும். பின்பக்கம் சுருள் வில் உள்ள சீற்றில் ஆள் இருந்தால் பின் பகுதி அமிழும், மூக்கு கொஞ்சம் எழும்பும். ஆகவே ஒருவரை இருத்திவிட்டு இன்னொருவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மூக்கு அமுக்குகிறது என்பதற்காகத்தான் பலர் அதைக் கீழே இறக்குகிறார்கள். அமுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சீற் உயரம் கூடினது, அல்லது சீற் ஒடுங்கினது. அதைத் திருத்தாமல் மூக்கை இறக்கினால் நோ அங்கிருந்து கைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

2. சீற்றின் உயரம். மதிலைப் பிடித்தபடி ஏறியிருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடிக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக வரவேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. சரிந்தால் சீற்றை 5 மில்லிமீற்றர் வீதம் இறக்குங்கள். உயரம் கூடின சீற்றில் ஆள் மூக்கை நோக்கி நகர்வார். பிறகு சாய்வு சரியாக இருந்தும் பயனில்லை.

3. சீற்றின் முன், பின். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹாண்டில் எட்டவில்லை என்று சீற்றை முன்னுக்கு இழுத்தால் கைக்குச் சுகம் என்று தோன்றும். நடப்பது மாறி. இடுப்பு முன்னுக்கு வந்தால் உடம்பைச் சமன்செய்ய பின்னால் பாரம் இல்லாமல் போகும், கை இன்னும் தாங்கும். சீற்றை 5 மில்லிமீற்றர் வீதம் பின்னுக்குத் தள்ளி, உள்ளங்கையை எடுத்துப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 10 மில்லிமீற்றர் பின்னுக்குப் போனால் உயரத்தை 3 மில்லிமீற்றர் அளவில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் எட்டுகிற தூரம் கூடிவிடும்.

இந்த மூன்றும் சரியான பிறகும் விறைத்தால் மட்டும் ஹாண்டிலில் கை வையுங்கள். கடை, கந்தோர், கோயில் என்று ஓடுகிறவருக்கு ஹாண்டில் பிடி சீற்றின் மட்டத்தில், அல்லது 2, 3 சென்ரிமீற்றர் மேலே இருப்பது நல்லது.

பழைய மாதிரி ஹாண்டிலை உயர்த்துவது லேசான வேலை, ஆனால் அவசரப்பட்டால் பிழைக்கும். மேலே நடுவில் உள்ள போல்ற்றை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தலை மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இறுகிய ஆப்பு விடுபட்டு ஹாண்டில் அசையும். ஹாண்டிலைத் தாங்கிக் கழுத்துக்குள் இறங்கும் தண்டில் ஆகக்கூடிய உயரத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாவிட்டால் 65 மில்லிமீற்றராவது உள்ளே இருக்கட்டும். வெளியே எடுத்த தண்டுக்குக் கிறீஸ் பூசாமல் திரும்பப் போட வேண்டாம். தீவுப்பகுதியில் உப்புக் காற்று அதை ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். இறுக்கிய பின் முன் சில்லை முழங்காலுக்கு நடுவில் பிடித்து ஹாண்டிலைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது.

ஹாண்டிலோடு கம்பி பிறேக் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுப்பது) உள்ள பெரிய சைக்கிள் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். ஹாண்டிலை 2 சென்ரிமீற்றர் உயர்த்தினால் கம்பியும் 2 சென்ரிமீற்றர் மேலே போகும். பிறேக் கட்டை ரிம்மில் போய் ஒட்டும், சில்லுச் சுற்றாது. கம்பி இணைப்பில் உள்ள நட்டைத் தளர்த்திக் கம்பி நீளத்தைக் கூட்டிவிட்டு, முன்னும் பின்னும் பிறேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே றோட்டுக்கு எடுங்கள்.

புதிய மாதிரி மலைச் சைக்கிள்களில் தண்டை உயர்த்த ஏலாது. தண்டின் கீழே உள்ள வளையங்களை இடம் மாற்றலாம், தண்டைத் தலைகீழாகப் போட்டுக் கொஞ்சம் உயரம் எடுக்கலாம், அல்லது 10 மில்லிமீற்றர் நீளம் குறைந்த தண்டு வாங்கலாம். திரும்பப் பூட்டும்போது மேல் மூடியின் போல்ற் முதலில், பக்கப் போல்ற்றுகள் பிறகு. மாறிச் செய்தால் ஹாண்டில் கழுத்து ஆடும். பக்கப் போல்ற்றுக்கு ஏறக்குறைய 5 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். தண்டிலேயே எழுதியிருந்தால் அந்த அளவையே எடுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கின்றன

இது வேறு நரம்பு. மணிக்கட்டு நடுவில் ஒன்பது தசைநாண்களோடு ஒரே ஒடுங்கிய வழியால் போகிறது. இதை நசிப்பது உள்ளங்கைப் பாரத்தைவிட மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து நிற்பதுதான்.

கடையில் பூட்டித் தரும்போது பிறேக் பிடிகளைப் பெரும்பாலும் நிலத்துக்குச் சமாந்தரமாக வைத்துவிடுகிறார்கள். பார்க்க வடிவாக இருக்கும். விரலை அதில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு மடியும். சீற்றில் இருந்து, கையை இயல்பாக நீட்டி, விரல்களை நேராக விடுங்கள். முன்கை, புறங்கை, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் பிறேக் பிடி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது கிடைமட்டத்திலிருந்து 30 முதல் 45 பாகை கீழே வரும். 4 அல்லது 5 மில்லிமீற்றர் அலன் சாவியால் தளர்த்தித் திருப்புங்கள். திரும்ப இறுக்கும்போது கையால் பலமாகத் தள்ளினால் அசைகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். விழுந்தால் பிடி திரும்பட்டும், முறிய வேண்டாம். சிறிய கை உள்ளவர்கள் பிறேக் பிடியில் இருக்கும் சின்னத் திருகாணியை உள்ளே முடுக்கினால் பிடி கிட்ட வரும்.

கம்பி பிறேக்கில் பிடியைத் தனியாகத் திருப்ப ஏலாது. அங்கே ஹாண்டில் உயரத்தால்தான் மணிக்கட்டை நேராக்க வேண்டும்.

உள்ளங்கைக்கு இறக்கை மாதிரிப் பரந்த பிடிகள் நல்லவைதான், அந்த இறக்கை முன்கையின் சாய்வோடு ஒத்திருந்தால். மேல்நோக்கித் திருப்பிவிட்டால் மணிக்கட்டை அதுவே மடக்கும்.

இந்த மூன்று விரல்களும் நடுச்சாமத்தில் விறைத்து நித்திரையைக் குழப்பினால், கையை உதறினால் சுகம் வந்தால், சைக்கிளை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். நீரிழிவு, தைரொயிட் குறைவு, கர்ப்பகாலம், நாள்முழுக்க மணிக்கட்டு மடிகிற தொழில் எல்லாவற்றிலும் இது வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி பலருக்கு உதவும். வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

எல்லா விரலும் விறைக்கிறது, கை முழுக்க அதிர்கிறது

இரண்டு காரணம்: காற்றுக் கூடின ரயர், அல்லது இறுக்கிப் பிடிக்கும் பழக்கம். காப்பெற் வீதியில் ஒன்றும் தெரியாமல், கல் ஒழுங்கைக்குள் இறங்கியதும் விறைத்தால் ரயரைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் கடையில் இயந்திரத்தால் அடித்தால் நொடியில் கல்லுப்போல ஆகிவிடும். 26 அங்குல, 1.95 தடிப்பு ரயருக்கு 65 கிலோ ஆள் முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லைக்கு மேலேயும் கீழேயும் போக வேண்டாம். பழைய வால்கட்டை உள்ள ரியூப்பில் சாதாரண அளவுமானி சரியாகக் காட்டாது. ஆள் ஏறியிருக்கும்போது ரயரின் அடி இலேசாகப் பிதுங்க வேண்டும். பிதுக்கமே இல்லாவிட்டால் காற்றுக் கூட, ரிம் நிலத்துக்குக் கிட்ட வந்தால் காற்றுக் குறைவு. கரியரில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறவர் பின் ரயருக்கு மட்டும் கூட்டட்டும், முன் ரயரைத் தொட வேண்டாம்.

முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹாண்டில் கழுத்தில் “டக் டக்” என்று அடித்தால் அங்கே தளர்வு. ஒவ்வொரு குழியும் நேரே கைக்கு வரும். கடையில் கொடுத்து இறுக்குங்கள்.

இறுக்கிப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிடிதான். வெயிலில் இறுகி மினுங்கிப்போன பிளாஸ்ரிக் பிடி வியர்த்தால் வழுக்கும். வழுக்கும் என்ற பயத்தில் நாம் நசிப்போம். ஹாண்டிலில் சுழலும் பிடியும் அப்படியே. பழைய பிடிக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் திருகினால் கழரும். புதிது போட முன்னர் குழாயை ஸ்பிரிட்டால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மறுபடி சுழலும். பழைய ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்குவது நல்லதல்ல. தடித்த பிடியைப் பிடிக்க விரல் இன்னும் கூட வேலை செய்யும்.

ஓடும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்கட்டும், பூட்டிய முழங்கை அதிர்வைத் தோள்வரை கொண்டுபோகும். பண்ணைப் பாலத்தில் நீளமாக ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்: பிடியின் வெளிநுனி, உள்பக்கம், பிறகு ஒவ்வொரு கையாக எடுத்து உதறுதல்.

பெருவிரல் அடியில் நோ

கியர் மாற்றும்போது நோ, பிறேக் பிடிக்கும்போது நோ என்றால் பெரும்பாலும் வயர் இறுகியிருக்கும். ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பக்கம் ஓடுகிற சைக்கிள்களில் உள்வயர் வெளியில் பளபளப்பாகத் தெரியும், உறைக்குள் கறள் கட்டியிருக்கும். வயரைப் பிறேக்கிலிருந்து கழற்றிக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கரகரத்தால் உள்வயரையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். கறள் பிடித்த உறைக்குள் புதிய வயர் போட்டால் சில மாதத்தில் அதே நிலை. தேங்காயெண்ணெய் விட்டு இளக்குகிறவர்கள் உண்டு. அது தூசியைப் பிடித்துப் பசையாகும், வேண்டாம்.

பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் சரியுங்கள். பெருவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்று நொந்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். வயரை மாற்றியபின் இரண்டு கிழமை கையை அலுப்புக் கொடுக்காமல் வைத்திருந்தும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

விழுந்து கையை ஊன்றிய பிறகு பெருவிரல் அடிக் குழியில் அமுக்கினால் நோகிறது என்றால் அது வேறு கதை. அங்குள்ள சிறு எலும்பின் வெடிப்பு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். “ஒன்றுமில்லை” என்று சொல்லப்பட்டும் நோ நின்றால், 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்கக் கேளுங்கள்.

ஒரு கையில் மட்டும் விறைப்பு

ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் தொங்குகிற உமலைப் பாருங்கள். சந்தைச் சாமான் இடது பக்கம் தொங்கினால் சைக்கிள் அந்தப் பக்கம் இழுக்கும், அதை நேராக வைத்திருக்க இரண்டு கையும் சமனில்லாமல் பாடுபடும். பாரத்தைக் கரியரில் கட்டுங்கள். குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓடுவதும் இதே கணக்கில்தான்.

அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், ஹாண்டிலின் இரண்டு நுனியிலிருந்தும் சீற்றின் பின் நடுவுக்கு அளவு நாடா பிடியுங்கள். 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹாண்டில் திரும்பியிருக்கிறது, அல்லது விழுந்ததில் வளைந்திருக்கிறது. வளைந்த அலுமினிய ஹாண்டிலை நிமிர்த்திப் பாவிக்க வேண்டாம், முறியும்.

தோளிலிருந்து கை வரைக்கும் உளைவு

ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளைகளின் முதுகுப் பையைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரத்தில் ஒரு பங்கு கைக்குத்தான் வருகிறது. கரியரில் வைத்து ரியூப் பட்டியால் கட்டினால் பாதிப் பேருக்கு இதோடு சரி. பை இல்லாமலும் கழுத்தைத் திருப்பும்போது கை மின்னினால், குறை கழுத்தெலும்பில் இருக்கலாம்.

இறங்கிய பிறகும் விறைப்புப் போகவில்லை

இறங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெளிந்தால் இருப்புத்தான் காரணம். அடுத்த நாளும் நின்றால் சைக்கிளைச் சில நாள் விடுங்கள். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் நடுவில் பிடித்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளப் பெருவிரல் நுனி மடிந்தால் அல்நார் நரம்பு பலம் இழந்திருக்கிறது. விரல் விரிக்க ஏலாமல் போனாலும், புறங்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை வற்றத் தொடங்கினாலும் தாமதிக்க வேண்டாம். நரம்புக் கடத்தல் சோதனை தேவைப்படலாம்.

சின்னவிரல் பக்கத்துப் புறங்கையும் சேர்ந்து விறைத்தால் ஹாண்டிலைத் திருத்திப் பயனில்லை. அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அப்போது நசிவு முழங்கையில், அல்லது அதற்கும் மேலே. இரண்டு கையும் இரண்டு பாதமும் விறைத்தால் முதலில் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். இடது கை விறைப்போடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தாலோ, ஒரு பக்கக் கையும் வாயும் திடீரென்று இழுத்தாலோ 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

கையுறை

எல்லாம் செய்த பிறகு வாங்குங்கள். உள்ளங்கை அடியில் மெத்தை இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவில் பள்ளம் உள்ளதாகப் பாருங்கள்; நரம்பு அந்தப் பள்ளத்தில் கிடக்க வேண்டும். ஒரே கட்டியாகத் தடித்த ஜெல் இருந்தால் அதுவே நரம்பை அமுக்கும். கையைப் பொத்தும்போது உள்ளே துணி சுருங்கி மடிப்பு விழுந்தால் அளவு பெரிது. அந்த மடிப்பில்தான் கொப்புளம் வரும். வியர்வை உப்புக் காய்ந்தால் துணி விறைத்துவிடும், ஆகவே இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருதரம் குளிர்ந்த தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் ஜெல் இறுகும்.